பங்குனியில் வாழைக்கன்று கட்டிய பஸ்

ஏப்ரல் 11, 2022

காலையில் சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெயர் ரெஹானா. பழைய படங்களைச் சுத்தம் செய்து புதிய டிஸ்க்கில் போட்டு விற்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாளாம். "கோவில்பட்டி அரசி வீடியோ மங்கையர்க்கரசி மேடம்தானே பேசறது?" என்று கேட்டாள். கடையை மூடிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஆமாம் என்று சொல்வதற்கு முன்னால் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டேன்.

விஷயம் இதுதான். 1985-ல் வந்த 'செங்கமலத்தின் வீடு' படத்தை டிஸ்க்காக வெளியிடப் போகிறார்கள். நெகட்டிவ் போய்விட்டது. எங்கோ ஒரு பிரிண்ட் கிடைத்திருக்கிறது, அதிலும் கடைசி ரீல் இல்லை. "பதிமூணு ரீல் இருக்கு மேடம், பதினாலாவது மட்டும் எங்க தேடியும் கிடைக்கல. வீடியோ கேசட்லதான் இனி அது இருக்கணும்" என்றாள். இன்டர்நெட்டில் சுற்றுகிற காப்பியின் தொடக்கத்தில் என் கடைப் பெயர் வருகிறதாம். அந்தக் காலத்தில் கல்யாண வீடியோக்காரர் ஒருவர் எனக்கு எடுத்துக் கொடுத்த டைட்டில் அது. பின்னணியில் தாமரைப்பூ கூட இருக்கும்.

"உங்ககிட்ட இருக்கிற காப்பியெல்லாம் பக்கத்துல வச்சுப் பார்த்து, எது எவ்ளோ நேரம் ஓடுது, எதுல என்ன சீன் இல்லைன்னு எழுதித் தர முடியுமா மேடம்?"

முடியுமாவா. எண்ணூறு கேசட் வைத்திருந்தேன். எந்தக் கேசட்டில் எந்தப் பாட்டு எந்த வரியில் இழுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். "பாக்கலாம்மா" என்று மட்டும் சொல்லி வைத்தேன். ரொம்பத் துள்ளக் கூடாது.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். பாயசம் வைத்தேன், கொஞ்சம் அடி பிடித்துவிட்டது. மகள் தமயந்தி கோயம்புத்தூரிலிருந்து வாழ்த்துச் சொன்னாள். ரெஹானா பேசியதைச் சொன்னேன். "அம்மா, உனக்கு அறுபத்தெட்டு வயசு, பரண்ல ஏறாத" என்றாள். ஏறி இறக்கிய பிறகுதான் அவளுக்கே போன் போட்டேன்.

வீடியோ டெக் இரண்டும் இருக்கின்றன. ஒன்று ஓடுகிறது, இன்னொன்று முனகுகிறது. ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட வெள்ளைத்துணியால் துடைத்தேன். மூன்றாவது துடைப்பில்தான் அழுக்கு நின்றது. கேசட்டுகளைப் பாச்சை உருண்டை போட்டுப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்ததால் பூஞ்சை அண்டவில்லை. புடவைகளை அவ்வளவு கவனமாக வைத்தேனா என்றால் இல்லை.

ஏப்ரல் 17

என்னிடம் இருப்பவை மூன்று.

முதலாவது சிங்கப்பூர் கேசட். ஒரு வாடிக்கையாளரின் அண்ணன் கப்பலில் கொண்டுவந்தது. இரண்டு மணி இருபத்தொரு நிமிடம் பத்து விநாடி.

இரண்டாவது, அதிலிருந்து 1987-ல் நான் கடைக்காக எடுத்த காப்பி. இரண்டு மணி பதினாலு நிமிடம் நாற்பத்தொரு விநாடி. ஊரெல்லாம் பார்த்தது இதைத்தான். இதை ஒருவர் துபாய்க்குக் கொண்டுபோய், அங்கே அதிலிருந்து எத்தனை காப்பி எடுத்தார்களோ.

மூன்றாவது, 2001-ல் மதுரைக் கம்பெனி ஒன்று போட்ட விசிடி. அதற்கு மூலமும் என் காப்பிதான். ஒரு பாட்டை வெட்டிவிட்டார்கள், நாலு நிமிடம் பத்தொன்பது விநாடி. அந்தப் பாட்டை வெட்டியவனுக்குக் காது கிடையாது.

சிங்கப்பூர் கேசட்டுக்கும் என் காப்பிக்கும் நேர வித்தியாசம் ஏனென்றால், சிங்கப்பூர் கேசட்டின் கடைசியில் டேப் மடங்கிப் போயிருந்தது. அந்தப் பகுதியை விட்டுவிட்டுக் காப்பி எடுத்தேன். அவ்வளவுதான்.

ஏப்ரல் 18

எட்டு நாள் கழித்துத் தண்ணீர் வந்தது. தொட்டி, குடம், அண்டா, சட்டி எல்லாம் நிரப்பினேன்.

ஏப்ரல் 26

பதிமூன்று ரீல் அளவுக்கும் ஒப்பிட்டு முடித்துவிட்டேன். இருபத்திரண்டு பக்கம். எங்கே வெட்டு, எங்கே கோடு, எங்கே வசனம் பாதியில் நிற்கிறது, எல்லாம் மணி நிமிடம் விநாடியோடு. கோழி சண்டை போடும் காட்சி மூன்றிலும் ஒரே இடத்தில் துள்ளுகிறது, ஆனால் பின்னணி இசை அறுபடவில்லை, அதனால் அது கேசட்டின் கோளாறு இல்லை, படம் எடுத்தவர்களே அப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று எழுதினேன். இதைக் கண்டுபிடிக்க வேறு யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள். தமயந்தி சொல்லிக் கொடுத்தபடி ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து ரெஹானாவுக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 27

ரெஹானா போன் செய்தாள். "மேடம், எங்க ஆபீஸ்ல மூணு பேர் ஆறு மாசம் உட்காந்தாலும் இது வந்திருக்காது" என்றாள். இரண்டு தடவை சொன்னாள். எனக்கு முதல் தடவையே நன்றாகக் கேட்டது.

பிறகு அந்த முடிவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். செங்கமலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறாள். அடுத்தது, தார் ரோட்டில் ஒரு பஸ் போகிறது, முகப்பில் வாழைக்கன்று கட்டி மாலை போட்டிருக்கிறது. பதினோரு விநாடி. படம் முடிகிறது. 'சுபம்' கூடக் கிடையாது. அந்தக் காலத்தில் இப்படி முடிக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று பெரிய பெரிய ஆட்கள் கட்டுரை எழுதியிருக்கிறார்களாம். டிஸ்க்கோடு வரும் சின்னப் புத்தகத்தில் ஒருவர், அந்தப் பஸ்ஸே மணப்பெண்ணாக அலங்கரித்துக்கொண்டு புதிய வாழ்வுக்குப் போகிறது என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறாராம். இயக்குநர் கனகசபாபதிக்கு எண்பத்து நாலு வயசு. ஒவ்வொரு பேட்டியிலும் அந்த முடிவைப் பற்றித்தான் கேட்கிறார்களாம், அவரும் பேசுகிறாராம்.

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். புரையேறித் தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று.

கடைசியில் ரெஹானா கேட்ட ஒரு கேள்வியை எழுதாமல் விடக் கூடாது. "சிங்கப்பூர் கேசட்டோட மொத்த நேரத்தை மட்டும் நீங்க எழுதலையே மேடம்?"

மறந்துவிட்டேன் என்றேன். நான் எதையும் மறப்பதில்லை.

ஏப்ரல் 30

மிக்ஸி ஜாரின் பிளேடு சுற்றவில்லை. அம்மியில் அரைத்தேன். அரைக்கும்போது யோசித்தேன்.

சிங்கப்பூர் கேசட்டில் டேப் மடங்கவில்லை. 17-ம் தேதி பொய் எழுதியிருக்கிறேன். அடிக்காமல் அப்படியே விடுகிறேன், அதுவும் இருக்கட்டும்.

கனகசபாபதி எடுத்த முடிவு சிங்கப்பூர் கேசட்டில் பத்திரமாக இருக்கிறது. செங்கமலம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறியதும் மாமியார் ஓடிவந்து, உன் புருஷனுக்குக் காய்ச்சல் என்கிறாள். செங்கமலம் ஏறிய பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் ஓடி, அவன் காலில் விழுகிறாள். நெற்றிக் குங்குமத்தின் மேல் 'சுபம்'. ஆறு நிமிடம் நாற்பது விநாடி. அதை எடுத்தது அவர். எடுத்து எறிந்தது நான். பஸ்ஸைக் கொண்டுவந்து ஒட்டியதும் நான்.

இப்போது சிங்கப்பூர் கேசட்டை அனுப்பினால், இனி காலத்துக்கும் செங்கமலம் காலில் விழுவாள். அனுப்பாமல் இருந்தால், நான் வெட்டிய வெட்டுக்குக் கனகசபாபதி மாலை வாங்கிக்கொண்டே இருப்பார். இரண்டுமே எனக்குப் பொறுக்காது.

மே 3

எப்படிச் செய்தேன் என்றாவது எழுதி வைக்கிறேன். இரண்டு டெக். ஒன்றில் ஓட்ட வேண்டும், மற்றதில் பதிய வேண்டும். நிறுத்திவைக்கிற பாஸ் பட்டனை எடுத்த பிறகு பதிகிற டெக் அரை விநாடி தூங்கிவிட்டுத்தான் கண் விழிக்கும். அந்த அரை விநாடியை நாம் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். ஒரு கையில் ஒரு பட்டன், மறு கையில் மறு பட்டன், வாயில் ஒண்ணு ரெண்டு எண்ணிக்கை. பத்தொன்பது தடவை தப்பிப் போய் இருபதாவது தடவை விழுந்தது. பார்த்தால் ஒட்டு தெரியாது. முப்பத்தைந்து வருஷமாக ஒருத்தர் கண்டுபிடிக்கவில்லை. படித்தவர்கள் உட்பட.

பஸ் படத்தின் முதல் பாதியில் வருவது. செங்கமலத்தின் அண்ணன் ஆயுத பூஜைக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகும் பஸ். கடைசியில் கதை பங்குனி மாதத்தில் நடக்கிறது. பங்குனியில் எந்த ஊர் பஸ்ஸில் வாழைக்கன்று கட்டுவார்கள்? நாலு பக்கம் எழுதிய மனுஷர் ஒரு நாளாவது பஸ்ஸில் போயிருந்தால் கேட்டிருப்பார்.

அந்தப் பஸ்ஸை ஏன் எடுத்தேன் என்றால், அது பதினோரு விநாடி இருந்தது. யார் முகமும் தெரியாது. வேறு காரணம் இல்லை.

மே 9

புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கும் அந்தோணியம்மாளைப் பார்க்கப் போனேன். அவள் யாரென்று இங்கே எழுதியாக வேண்டும்.

1987-ல் அவள் தீப்பெட்டி ஆபீசில் கட்டையில் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். புருஷன் அடிக்கிறான் என்று தாய் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போனாள். அப்போது என்னிடம் சிங்கப்பூர் கேசட் மட்டும்தான். திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வந்தவள், "செங்கமலமே திரும்பிப் போயிட்டா, நான் என்னக்கா பெரிய இவளா" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே புருஷன் வீட்டுக்குப் போனாள். போகாதே என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடையில் கூட்டம் இருந்தது. ஒரு மாதம் கழித்து வலது கையில் மாவுக்கட்டோடு வந்தாள்.

அந்த வாரம்தான் இருபது தடவை உட்கார்ந்தேன்.

வெட்டிய காப்பியை முதலில் அவளிடம்தான் கொடுத்தேன். பார்த்துவிட்டு வந்து, "அவ எந்த ஊருக்குக்கா போறா?" என்று கேட்டாள். "டிக்கெட் எடுக்குற ஊருக்கு" என்றேன். அதன் பிறகு எத்தனையோ சனிக்கிழமை அதே கேசட்டை எடுத்தாள். புருஷன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

இன்று இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். "ஏட்டி, சென்னைக்காரங்ககிட்ட உன் கதையச் சொல்ல வேண்டி வரும்போல. சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"என் பேரு வருமாக்கா?"

"நீ வேண்டாம்னா வராது."

தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு யோசித்தாள். "வந்தா வரட்டும். கை ஒடிஞ்சதச் சொல்றப்ப, அந்தக் கையாலதான் இன்னைக்கு முந்நூறு இட்லி ஊத்துறேன்னும் சேத்துச் சொல்லிருங்க."

மே 10

ரெஹானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரை மணி நேரம். கடைசியில், "மேடம், புத்தகம் பிரிண்டுக்குப் போயிடுச்சு" என்றாள்.

"எப்படி? பஸ்ஸு கல்யாணப் பொண்ணுன்னா?"

"ஆமா."

"நிறுத்துங்க."

பாவம், அழுகிற குரலில்தான் வைத்தாள். ஆனால் சிங்கப்பூர் கேசட்டை அனுப்பச் சொல்லி முகவரியும் அனுப்பினாள். அனுப்புவதாக இன்னும் முடிவு செய்யவில்லை.

மே 13

வத்தல் போட்டேன். வெயில் நல்ல வெயில்.

மே 16

பதினொரு மணிக்கு ஒரு புது எண். "நான் கனகசபாபதி பேசறேன்" என்றார். குரல் நடுங்கியது, வயசா கோபமா என்று தெரியவில்லை.

"நீங்கதானா அது?"

"நாந்தான் சார்."

"என் படத்த வெட்ட உங்களுக்கு யாரும்மா அதிகாரம் குடுத்தது?"

"யாரும் குடுக்கல. நானா எடுத்துக்கிட்டேன். நான் வெட்டுனத நீங்க வெட்டுனதாப் பேட்டி குடுத்துக்கிட்டு இருக்கீகளே, அதுக்கு உங்களுக்கு யாரு சார் அதிகாரம் குடுத்தா?"

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"விசிடி வந்த புதுசுல முத தடவ ஒருத்தர் வந்து, சார், அந்த முடிவு, அப்படின்னு கையப் பிடிச்சுக்கிட்டாரு. எந்த முடிவுன்னு எனக்குப் புரியல. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். பார்த்துட்டு, அது நான் இல்லன்னு சொல்ல மனசு வரலம்மா" என்றார்.

இதைக் கேட்டதும் என் கோபத்தில் பாதி இறங்கிவிட்டது. உண்மையைச் சொல்ல அவருக்கு இருபது வருஷம் ஆகியிருக்கிறது. எனக்கு முப்பத்தைந்து. அந்தோணியம்மாள் கதையைச் சொன்னேன். முந்நூறு இட்லியையும் சொன்னேன்.

"அந்த பஸ் அண்ணன் போற பஸ். பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு" என்றார். "பங்குனி மாசக் கதையில வாழைக்கன்னு கட்டி ஒரு பஸ் போகுது, ஒருத்தன் கேக்கல பாருங்க." இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "ஆனா ஒண்ணு. வெட்டு மூணு பிரேம் லேட்டு. அவ கால் கீழ்ப்படியில படறதுக்கு முன்னாடி பஸ்ஸுக்குப் போயிருக்கணும். உங்களுக்கு அது தெரிஞ்சிருக்காது."

தெரிஞ்சிருக்காதாம். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

மே 17

காலை ஆறு மணிக்கே டெக்கைப் போட்டுவிட்டேன். அந்தப் படியை முப்பது நாற்பது தடவை பார்த்திருப்பேன். ரிமோட்டைப் பிடித்த கட்டைவிரல் வலிக்கிறது.

மூன்று பிரேம் முன்னால் வெட்டினால் செங்கமலத்தின் கால் அந்தரத்தில் நிற்கிறது. அந்தரத்தில் நிற்கும் காலைத் திருப்பி உள்ளே வைக்கலாம். வைத்தவர்கள் நிறையப் பேர். கால் கீழ்ப்படியில் பட வேண்டும். பட்ட பிறகுதான் போய்விட்டாள்.

போன் போட்டு இதை அப்படியே சொன்னேன். "நீங்க எந்த எடிட்டர்கிட்ட இருந்தீங்க?" என்று கேட்டார்.

"எண்ணூறு கேசட்கிட்ட" என்றேன்.

"சரிம்மா. கால் படட்டும்."

மே 18

சிங்கப்பூர் கேசட்டையும் என் காப்பியையும் கூரியரில் அனுப்பினேன். பழைய சேலையில் சுற்றி, டப்பாவில் வைத்து, டப்பாவைச் சுற்றி இன்னொரு சேலை. கவுண்டரில் இருந்த பெண், உள்ளே என்ன என்று கேட்டாள். ஆறு நிமிடம் நாற்பது விநாடி என்றேன். துணி என்று எழுதிக்கொண்டாள்.

ஜூன் 6

ரெஹானா பேசினாள். முடிவாகிவிட்டது. படம் பஸ்ஸோடுதான் முடியும், கனகசபாபதியே அப்படிச் சொல்லிவிட்டார். அவர் எடுத்த முடிவு டிஸ்க்கில் தனியாகப் பின்னால் இருக்கும், வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். இரண்டும் எப்படி வந்தன என்று புத்தகத்தில் ரெஹானாவே எழுதுகிறாள். மணப்பெண் கட்டுரையை எடுத்தாயிற்று.

"நன்றின்னு ஒரு லிஸ்ட் வரும் மேடம், அதுல உங்க பேரு முதல்ல" என்றாள்.

"வேண்டாம்மா."

"ஏன் மேடம்?"

"நன்றின்னு போட்டா நான் கேசட் குடுத்தவ. நான் குடுத்தவ இல்ல, வெட்டுனவ. எடிட்டிங் போட்டிருக்குற எடத்துக்குக் கீழ போடுங்க. இல்லன்னா பேரே வேண்டாம்."

கேட்டுச் சொல்கிறேன் என்றாள். திமிர் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

ஜூன் 8

போடுகிறார்கள். கனகசபாபதி, "அந்தம்மா கேட்டது சரிதானே" என்றாராம்.

அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு இட்லிக் கடைக்குப் போனேன். சர்க்கரை இருக்கிறது, சாப்பிடக் கூடாது. அந்தோணியம்மாளுக்கும் இருக்கிறது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அக்டோபர் 1

டிஸ்க் வந்தது. என்னிடம் இருக்கும் எதிலும் ஓடவில்லை. டெக்கில் அதற்கு வாயே இல்லை, விசிடி பிளேயர் வாங்கி வாங்கித் துப்புகிறது. தமயந்தியிடம் சொன்னேன். லீவுக்கு வரும்போது பிளேயர் கொண்டு வருகிறாளாம். மூன்று நாள் மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அக்டோபர் 4, ஆயுத பூஜை

இரண்டு டெக்குக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். தமயந்தி சிரித்தாள். டிஸ்க்குக்கும் வை என்றாள்.

அந்தோணியம்மாள் கடையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வந்தாள். மூன்று பேரும் பார்த்தோம். பதிமூன்று ரீல் பளிங்கு மாதிரி இருந்தது, சேலைக் கரையில் நூல் தெரிந்தது. பதினாலாவது ரீல் என் காப்பி, மழையில் நனைந்த மாதிரி கலங்கலாக வந்தது. செங்கமலத்தின் கால் கீழ்ப்படியில் பட்டது. பஸ் போனது. படம் இருண்டது. அப்புறம் எடிட்டர் பெயர், அதற்குக் கீழே:

முடிவுக் காட்சி படத்தொகுப்பு
மங்கையர்க்கரசி, அரசி வீடியோ, கோவில்பட்டி

நாலு விநாடி. எண்ணினேன். அந்தோணியம்மாள் எழுந்துபோய் டிவி மேல் என் பெயர் இருந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குள் பெயர் போய்விட்டது, தொட்டது ஏதோ லேபரட்டரி பெயரை. எனக்கு அழுகை வந்தது. பெருமையில் வந்த அழுகைதான், அதை எழுதுவதற்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்தோணியம்மாள் போன பிறகு தமயந்தி கேட்டாள். "ஏம்மா, தூத்துக்குடியில இருந்து நாம வந்தோமே, அந்த பஸ்லயும் வாழைக்கன்னு கட்டியிருந்துச்சுல்ல?"

"உனக்கு அஞ்சு வயசு. உனக்கு என்ன ஞாபகம் இருக்கும்" என்றேன். அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

நான் 1983-ல் தூத்துக்குடியிலிருந்து கோவில்பட்டிக்கு வந்தது கடை வைப்பதற்காக. எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். கடை வைத்தது 1985-ல். நடுவில் இரண்டு வருஷம் கிடக்கிறதே என்று இதுவரை யாரும் கேட்கவில்லை, என் வெட்டுகள் அப்படி. அந்தப் பஸ்ஸை எடுத்தது அது பதினோரு விநாடி இருந்ததால்தான்.

அன்றைக்கு ஜன்னலோரம் தமயந்தியை உட்கார வைத்தேன். முகப்பில் கட்டியிருந்த வாழையிலிருந்து ஓர் இலை கிழிந்து, காற்றில் பக்கவாட்டில் வந்து, ஜன்னல் வழியாக அவள் முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. எட்டயபுரம் தாண்டும் வரைக்கும் பிள்ளை சிரித்துக்கொண்டே வந்தாள். தூத்துக்குடியில் அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.